வாகையடி முக்கில் சீனச் செம்புக்காசு: நம்பி வாங்கலாம், கழுவாததாகக் கேளுங்கள்

சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் காலத்துக் காசுகளைச் சேர்ப்பவர்கள் நம்ம பக்கம் குறைவு. வேண்டுமென்றால் சென்னைக் கண்காட்சிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பவேண்டும். அதனால்தான் திருநெல்வேலி டவுனில், வாகையடி முக்குப் பக்கத்துச் சந்தில் பழைய பித்தளைச் சாமான் விற்கிற இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன். முன்னால் குத்துவிளக்கும் செம்புக் குடமும்தான் தெரியும். காசெல்லாம் உள்ளே, மேசை டிராயரில்.

மலேயா, பர்மா என்று பிழைக்கப் போய்த் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தவை என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. இருக்கலாம். ஆனால் கதைக்கு நான் காசு கொடுப்பதில்லை, கையில் இருப்பதைத்தான் பார்ப்பேன். பார்ப்பதற்கு அவர் தாராளமாக விடுகிறார். நகைத் தராசு, காந்தம், பூதக்கண்ணாடி மூன்றையும் கேட்காமலே எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "மெதுவாப் பாரும்மா. எடை போட்டுப் பாத்துட்டு எடும்மா" என்பார்.

சியான்லோங் பேரரசர் (1736–1795) காலத்துச் சதுரத் துளைக் காசு ஒன்று எடுத்தேன். அச்சில் வார்த்தது. முன்பக்கம் நாலு சீன எழுத்து. மேல், கீழ், வலம், இடம் என்று படிக்கவேண்டும். பின்பக்கம் சிங் அரச குலத்தாரின் மொழியான மஞ்சு எழுத்தில் இரண்டு சொல். வலப்பக்கத்துச் சொல்தான் எந்த நாணயச்சாலை என்று காட்டும். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடிப்பொடியாக அரத்தின் கீறல். வார்த்த காசுகளைச் சதுரக் கம்பியில் கோத்து மொத்தமாக அராவுவார்கள். துளை சதுரமாக இருப்பதால் அராவும்போது காசு சுழலாது. கீறல் தெரிந்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மனசைப் பறித்தது டிராகன் காசுதான். 1900-ல் குவாங்தோங் மாகாணம் இயந்திரத்தில் அடிக்கத் தொடங்கிய துளையில்லாத பத்துக்காசு வகை. எனக்குக் கிடைத்தது 1906-ஆம் வருஷத்தது. நடுவில் பொடியாக ஹூபே மாகாணக் குறி. அகலம் 28 மில்லிமீட்டர், தராசில் 7.3 கிராம். டிராகனுக்குக் கீழே 'டாய் சிங் டி குவோ காப்பர் காயின்' (மகா சிங் பேரரசின் செம்புக்காசு) என்று ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார்கள். வருஷம் எண்ணில் இல்லை. அறுபது வருஷச் சுற்றில் வரும் பெயரான 'பிங் வூ' என்று இருக்கிறது. நம்ம பஞ்சாங்கத்தில் அது பராபவ வருஷம். பிரபவ, விபவ என்று எங்க ஆச்சி வயசுக்கணக்குச் சொன்ன மாதிரியே அங்கேயும் அறுபதுதான் சுற்று என்று பார்த்தபோது அந்தக் காசைக் கீழே வைக்க மனசே வரவில்லை. 900 ரூபாய் கொடுத்தேன்; செதில்கள் அவ்வளவு துலக்கமாக இருக்கிற காசுக்குத் தகும்.

டிராகனின் செதில் மழுங்கி, எழுத்தோ படமோ இல்லாத இடத்தில் ஊசி குத்தினாற்போலப் பள்ளங்கள் இருந்தால் அது வார்த்த போலி. இரும்பில் முலாம் போட்டதைக் காந்தமே பிடித்துக்கொடுக்கும். அப்படி ஒன்று அவருடைய டிராயரிலேயே இருந்தது. காட்டியதும் முகம் சுளிக்காமல் தனியே எடுத்துப் போட்டுவிட்டார். நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், விற்க லைசென்ஸ் வேண்டும். அதன் எண்ணோடு பில் தருகிறார்.

ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு. குடம் விளக்குகிற புளியிலேயே காசையும் விளக்கிவிடுகிறார்கள். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அதைப் பார்க்கவே வயிறு எரிகிறது. நூறு வருஷமாகச் செம்பின் மேல் படிந்த பழுப்பைப் புளியின் அமிலம் கரைத்துவிடும்; திரும்ப வராது. அதோடு மதிப்பும் போச்சு. பளபளவென்று ரோஸ் நிறத்தில் இருந்த குவாங்சு பேரரசர் காலத்துக் காசு ஒன்றை அதனால்தான் வேண்டாம் என்றேன். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பதும் கெடுதல்: நாளாக ஆகப் பிசுபிசுவென்று பச்சை ஊறும். வீட்டுக்கு வந்ததும் காகித உறைக்கு மாற்றிவிடுங்கள்.

இதை அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொன்னேன். இப்போது கழுவாத காசுகளைத் தனி டப்பாவில் வைக்கிறார். "தேய்க்காத டப்பா" என்று கேட்டால் எடுத்துத் தருவார். ஜிபே உண்டு. தேரோட்டச் சமயத்தில் போகாதீர்கள், நின்று பார்க்க இடமிருக்காது. கடைசிப் பேரரசர் சுவாந்தோங் காலத்துத் (1909–1911) துளைக்காசு வந்தால் எனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், மற்றதெல்லாம் உங்களுக்கு.