காலை எண்ணும் தோசைக் கணக்கும்: எங்கள் டைப் 1 பெற்றோர் வாட்ஸ்அப் குழு பற்றி

இது ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பற்றிய ரிவ்யூ. டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினம் ஊசியாகப் போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய்) உள்ள குழந்தைகளின் அம்மா அப்பாக்கள் எழுபது பேர் போல இருக்கிறோம். குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்பதால் குழுவின் பெயரை இங்கே போடவில்லை. நான் சேர்ந்தது 2023 ஜூனில், என் மகனை ஐசியூவிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நாலாவது நாள். அப்போது அவனுக்கு ஏழு வயது. ஆஸ்பத்திரியில் ஊசி போடக் கற்றுக்கொடுத்த டயாபடிஸ் எஜுகேட்டர்தான் "இதுல சேர்ந்துக்கோங்கம்மா, டாக்டர் சொல்லாததெல்லாம் இங்க சொல்வாங்க" என்று நம்பரைக் கொடுத்தார்.

நான் எதிர்பார்த்தது வேறு. இன்சுலின் பற்றிப் பாடம் நடக்கும், யாராவது பெரிய டாக்டர் வந்து பேசுவார் என்று நினைத்தேன். முதல் நாள் காலை ஆறரை மணிக்கு வந்த மெசேஜ் இதுதான்: "காலை 134. ரெண்டு தோசை, தேங்காய்ச் சட்னி. ஸ்கூல் வேன் இன்னைக்கும் லேட்." அடுத்தது: "இங்க 88. எழுப்பவே முடியல, பாதி டம்ளர் பால் குடுத்துட்டு ஊசி போட்டேன்." எண் எல்லாம் பிள்ளைகளின் ரத்தச் சர்க்கரை அளவு. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் வீட்டு மாடியில் காயும் வடகம். எனக்குச் சரியான எரிச்சல். என் பிள்ளை இனி உயிரோடு இருக்கும் வரை ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், இவர்கள் வடகம் போட்டோ போடுகிறார்கள். ஒரு வாரம் குழுவை ம்யூட்டில்தான் வைத்திருந்தேன்.

ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் பழைய மெசேஜ்களை மேலே போய்ப் போய்ப் படித்தபோது ஒன்று தெரிந்தது. வடகம் போட்டவருடைய மகளுக்கு அப்போது பதினாறு வயது, மூன்று வயதில் இருந்து இன்சுலின். பதிமூன்று வருடமாகத் தினம் நாலு ஊசி போட்டுக்கொண்டே அந்த வீட்டில் வடகமும் காய்கிறது, வேனும் லேட்டாக வருகிறது, பரீட்சையும் நடக்கிறது. டாக்டர் என்னிடம் "நார்மலா வளருவான்மா" என்று பத்துத் தடவை சொன்னார், என் மனசு ஏற்கவில்லை. வடகத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடலூர் அக்கா, ஓசூர் சார், தென்காசி தம்பி என்று ஊர்தான் பெயர். நான் திருச்சி அக்கா. என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது பழகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது.

இந்தச் சின்னச் சின்ன அப்டேட்டுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். சேர்ந்து இரண்டே வாரம் ஆன ஒரு அப்பா, இரண்டு நாளாகச் சர்க்கரை 350, 380 என்றே நிற்கிறது, பிள்ளை தண்ணீராகக் குடிக்கிறாள் என்று எழுதினார். கூடவே, அவள் இட்லி சாப்பிடும் போட்டோ ஒன்று, "ஆனா நல்லா சாப்பிடுறா" என்று ஆறுதலுக்காகப் போட்டது. தட்டுக்குப் பக்கத்தில் சிரிஞ்ச் கிடந்தது, ஆரஞ்சு மூடி. கடலூர் அக்காதான் அதைப் பார்த்தார். "சார், நீங்க போடுறது குப்பி இன்சுலினா, பென் இன்சுலினா?" என்று கேட்டார். குப்பிதான். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு உள்ளது. 40 குப்பியில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். இரண்டு நாளாக அந்தக் குழந்தைக்கு பாதிகூட மருந்து போகவில்லை. மருந்துக்கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்று இதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உடனே டாக்டருக்குப் போன் போட்டு, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் ஆபத்தான அமிலம்) பார்த்து, அன்றைக்கே சரி செய்தார்கள். இதுவே தலைகீழாக, 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு போயிருக்கும், நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. அந்த அப்பா கேள்வியாக எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டை போட்டோ எடுத்துப் போட்டார், அதில் இருந்தது விஷயம்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் குழுவை அடித்துக்கொள்ள ஆளில்லை. டயட் சீட்டில் "இட்லி 2" என்று இருக்கும், ஆனால் எங்கள் வீட்டு இட்லியும் ஓசூர் சார் வீட்டு இட்லியும் ஒரே அளவா? சமையலறைத் தராசு வாங்கி இட்லியை எடை போட்டுப் பார்க்கச் சொன்னது இவர்கள்தான். எங்கள் வீட்டுத் தட்டில் ஒரு இட்லி, சீட்டில் கணக்கு வைத்ததைவிடக் கனமாக இருந்தது, காலை பத்து மணிக்கு ஏன் தினமும் ஏறுகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பரோட்டா சால்னா சாப்பிட்டால் படுக்கும்போது 130 காட்டும், நிம்மதியாகத் தூங்கிவிடுவோம், எண்ணெயால் செரிப்பது தாமதமாகி ராத்திரி ஒரு மணி இரண்டு மணிக்குத்தான் ஏற ஆரம்பிக்கும் என்பதையும் நான் முதலில் படித்தது ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைப் புலம்பலில்தான். அப்புறம் தை மாசம் வந்தால் கரும்பு, ஆடி மாசம் கூழ், கல்யாணப் பந்தியில் பாயசம் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது போன வருடம் என்ன செய்தோம் என்று எழுதுவார்கள். முதல் பொங்கலுக்கு என் மகனுக்கு சர்க்கரைப் பொங்கல் கொடுக்கவே கூடாது என்று இருந்தேன். "குடுங்கக்கா, அளந்து குடுங்க, ஊசி எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, எல்லாரும் சாப்பிடும்போது அவன் மட்டும் ஓரமா உக்காரக் கூடாது" என்று தென்காசி தம்பி எழுதினான். அவனுக்கே டைப் 1, இருபத்தி இரண்டு வயது, குழுவில் பெற்றோர் அல்லாத ஒரே ஆள். அவன் பேச்சு எனக்கு யார் பேச்சையும்விடப் பெரிது.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ள வீட்டில் இரண்டு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலில் குத்திப் பார்ப்பது சாதாரணம். 70க்குக் கீழே இருந்தால் எழுப்பி, டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி குத்த வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, வீடே தூங்கும், தெரு நாய்கூடத் தூங்கும், நாம் மட்டும் பாதி வெளிச்சத்தில் பிள்ளையின் நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. அந்த நேரத்தில் குழுவில் "58. ஜூஸ் குடுத்தாச்சு" என்று போட்டால், எங்கோ ஓர் ஊரில் இருந்து "நானும் முழிச்சிருக்கேன்கா" என்று ஒன்று வரும். அறிவுரை எதுவும் வராது, அந்த ஒரு வரி மட்டும். பதினைந்து நிமிடம் கழித்து "94" என்று போட்டதும் "சரி, படுங்க". பணம் கொடுத்தும் இது கிடைக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. குழுவில் சென்னைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருக்கும் பயம். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பிரித்துப் பயன்படுத்துவது அதிகச் சூடு படாத இடத்தில் நாலு வாரம் போலத் தாங்கும். டெல்டா பக்கத்து அக்கா ஒருவர், 2018 கஜா புயலில் வாரக் கணக்கில் இருட்டில் இருந்தவர், பெரிய மண் சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்ன மண் பானை வைத்து, இன்சுலினை அதில் போட்டு மூடிக் குளிர்ச்சியாக வைப்பதை வீடியோவாக எடுத்துப் போட்டார். தண்ணீர் சூழ்ந்த வீட்டில் மணலுக்கு எங்கே போவது? ஒரு அம்மா பூந்தொட்டி மண்ணை நனைத்து அதில் செய்தார். நாங்கள் எல்லாம் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு யார் வீட்டில் எத்தனை நாள் மருந்து இருக்கிறது, யாருடைய போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டோம். மூன்றாவது நாள் ஒரு வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு குழு உறுப்பினர் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் இன்சுலின் கொடுத்தார். அவர்கள் அதுவரை ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

இன்னொன்று, சொந்தக்காரர்கள் பேச்சு. "மாசமா இருக்கும்போது ஸ்வீட்டா தின்னிருப்பா" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. டைப் 1 என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவது, அம்மா தின்ற லட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தும் வலிக்கும். பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், "வெளிய சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்று வீட்டிலேயே வாயைக் கட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லாமல் பிள்ளையைப் பாத்ரூமில் ஒளிந்து ஊசி போடச் சொன்ன ஒரு அம்மா குழுவில் இருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. மூன்று நாலு மாதம் கழித்து ஒரு நாள் அவரே எழுதினார், "இன்னைக்கு கிளாஸ் மிஸ்கிட்ட சொல்லிட்டேன். மிஸ்ஸோட தம்பிக்கும் டைப் 1 ஆம்." அன்றைக்கு வந்த மெசேஜ்களை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருந்த ஒருவர், சிபிஎஸ்இ 2017 முதலே டைப் 1 மாணவர்களைப் பரீட்சை ஹாலுக்குத் தின்பண்டம் எடுத்துப்போக அனுமதிக்கிறது என்ற சுற்றறிக்கையைப் போட்ட பிறகு, பள்ளியோடு பேசும் தைரியம் இன்னும் சிலருக்கு வந்தது.

குறை இல்லாமல் இல்லை. சிலது என்னைப் பாதித்தது, சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் எண் ஒப்பீடு. ஒருவர் சென்சார் (உடம்பில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) வரைபடத்தை நாள் முழுக்கச் சமதளமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார், அதே நாளில் நம் பிள்ளை 280க்கும் 60க்கும் ஊஞ்சல் ஆடியிருப்பான். பதினான்கு நாளுக்கு ஒரு சென்சார் மாற்ற வசதி இல்லாமல் ஸ்டிரிப்பை எண்ணி எண்ணி வைத்துக் குத்துகிறவர்களும் இதே குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் மனசு எப்படி இருக்கும்? மூன்று மாதச் சராசரி ரிசல்ட்டைப் போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று நான் எழுதினேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள், பாதிப் பேர் கோபப்பட்டார்கள். இன்னும் முடிவு இல்லை.

இரண்டாவது, ஃபார்வர்டு. "இந்தக் கஷாயம் குடித்தால் இன்சுலினை நிறுத்தலாம்" என்று ஒன்று வந்தது. அட்மின் பார்ப்பதற்குள் ஆறு மணி நேரம் போய்விட்டது. டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, ஆறு மணி நேரம் அது அங்கே கிடந்திருக்கவே கூடாது. இப்போது ராத்திரிக்கும் பகலுக்கும் தனித்தனி அட்மின் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை. ஊசி அளவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்ற விதியும் உண்டு, ஆனால் பழையவர்கள் சிலர் அதை மீறுகிறார்கள். எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டரிடம் மட்டும் கேளுங்கள்.

குழுவில் எல்லோருக்கும் எல்லோர் போன் நம்பரும் தெரியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தை முகம் தெரியும் போட்டோ நான் போடுவதில்லை, கை மட்டும், தட்டு மட்டும். அப்புறம், அப்பாக்கள் அதிகம் பேசுவதில்லை. என் கணவரும் சேர்ந்திருக்கிறார், எல்லாம் படிக்கிறார், இதுவரை எழுதியது நாலே மெசேஜ். அவர்களுக்கும் சேர்த்து யாராவது பேச்சை ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்.

யாருக்கு இது சரிப்படும் என்றால், நோய் கண்டுபிடித்து ஆறு மாதத்துக்குள் இருப்பவர்கள் கண்டிப்பாகச் சேர வேண்டும், அடுத்தவர் வீட்டுக் கெட்ட செய்தியை மனசு தாங்காது என்றால் ம்யூட்டில் வைத்துக்கொண்டு காலையில் ஒரு தடவை மட்டும் பாருங்கள். நானும் நடுவில் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தேன், ஏன் பேசவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படி ஒரு குழு உங்கள் ஊரில் இருக்கிறதா என்று குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடமோ எஜுகேட்டரிடமோ கேளுங்கள், இணையத்தில் கண்ட லிங்கில் சேராதீர்கள். சேர்ந்ததும் எதுவும் பெரிதாக எழுத வேண்டாம், காலை எண்ணும் என்ன டிபன் என்பதும் போதும்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். குறைந்த ஒன்று அந்த ஆறு மணி நேரக் கஷாயத்துக்கு.

இன்று காலை எங்கள் வீட்டில் 118, ஒன்றரை தோசை, மல்லிச் சட்னி. வேன் வந்துவிட்டது.