வேர்ட்ஸ்டாரா, வேர்ட்பெர்ஃபெக்டா?

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற வரிசை இன்னும் மறந்திருக்காது. நானும் அந்தக் கூட்டம்தான். வேர்ட்ஸ்டாரைப் போலவே கடிதம், கட்டுரை அடித்துத் திருத்தும் மென்பொருளான வேர்ட்பெர்ஃபெக்டை வெகு காலம் கழித்துத்தான் தொட்டேன். போன மாதம், டாஸ் காலத்து மென்பொருளை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் வேர்ட்ஸ்டார் 4, வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 இரண்டையும் ஏற்றி, ஒரே ஆங்கிலக் கட்டுரையை இரண்டிலும் அடித்துப் பார்த்தேன்.

வேர்ட்ஸ்டார், சேமூர் ரூபின்ஸ்டைனின் மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி எழுதியது. 1978இல் வந்தது. கர்சரை நகர்த்தத் தனி விசை தேவையில்லை. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஈ அடித்தால் மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. நான்கும் கீபோர்டில் வைரம் போல அமைந்திருக்கும். அதற்கு அடுத்த சுற்றில் ஏ, எஃப் அடித்தால் ஒரு சொல் தாண்டும். ஆர், சி அடித்தால் ஒரு திரையே தாண்டும். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இது அல்வா. கை இருந்த இடத்தை விட்டு அசையாது.

பிளாக், அதாவது எழுதியதில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் சமாச்சாரம், இன்னும் அழகு. கண்ட்ரோல் கே, பி அடித்துத் தொடக்கத்தைக் குறிக்கலாம். அப்படியே விட்டுவிட்டு நாலு பக்கம் தள்ளிப் போய் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தலாம். திரும்பி வந்து கே, கே அடித்து முடிவைக் குறிக்கலாம். இன்றைய மென்பொருளில் இடையில் ஒரு விசை தட்டினாலே தேர்வு போச்சு. ஆனால் ஒரு தொல்லை: பத்தியின் நடுவில் ஒரு வாக்கியத்தைச் செருகினால் வரிகள் தாறுமாறாகக் கிடக்கும். கண்ட்ரோல் பி அடித்து நாமேதான் ஒழுங்குபடுத்த வேண்டும். மறந்து பிரிண்ட் கொடுத்தால் அசிங்கம்தான்.

வேர்ட்பெர்ஃபெக்டில் அந்தக் கவலை இல்லை, பத்தி தானாகச் சேர்ந்துகொள்ளும். இது பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ஆஷ்டனும் அவர் மாணவர் புரூஸ் பாஸ்டியனும் யூட்டாவில் உருவாக்கியது. திறந்தால் வெறும் திரை, கீழ்மூலையில் பக்கம், வரி எண் மட்டும். மற்றதெல்லாம் ஃபங்ஷன் விசைகளில். உதவிக்கு எஃப் 3. எஃப் 1 அடித்தால் கேன்சல். சரி, தப்பித்துப் போகலாம் என்று எஸ்கேப்பைத் தட்டினால், அடுத்துத் தட்டும் விசையை 8 தடவை அடிக்கட்டுமா என்று நிற்கும்! விசைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள நாலு நிறத்தில் அச்சடித்த ஒரு பட்டை கூடவே வரும். அது தொலைந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஈடாக அதில் ரிவீல் கோட்ஸ் இருந்தது. ஆல்ட், எஃப் 3 அடித்தால் திரை இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதியில் தடித்த எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஓரம் எங்கே மாறியது என எல்லாக் குறியும் அடைப்புக்குள் தெரியும். வேண்டாத குறி மேல் கர்சரை வைத்து அழித்தால் தீர்ந்தது. இன்றைய மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு பத்தி காரணமே இல்லாமல் உள்ளே தள்ளி நிற்கும்போதெல்லாம் இதற்காக ஏங்குகிறேன். அமெரிக்க வக்கீல்கள் இதை வெகுகாலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது சும்மா இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டின் சுகத்தையும் கெடுத்தது ஒரே கீபோர்டு. முதல் ஐபிஎம் பிசியில் கண்ட்ரோல், ஏ விசைக்குப் பக்கத்தில் இருந்தது. பத்து ஃபங்ஷன் விசைகளும் இடது ஓரத்தில் கைக்கெட்டும் தூரத்தில். பின்னால் வந்த 101 விசைக் கீபோர்டில் கண்ட்ரோல் கீழே போய்விட்டது, ஃபங்ஷன் விசைகள் மேலே ஏறிவிட்டன. அதோடு, இருவரும் தங்கள் பங்குக்கும் சறுக்கினார்கள். மைக்ரோப்ரோ 1984இல் பழகிய விசைகளை மாற்றி வேர்ட்ஸ்டார் 2000 என்று ஒன்றை விட்டது. பழைய ஆட்களே முகம் சுளித்தார்கள். வேர்ட்பெர்ஃபெக்ட் விண்டோஸுக்கு 1991 கடைசியில்தான் வந்தது. 1994இல் நோவெல் நிறுவனம், 1996இல் கோரல் நிறுவனம் என்று கைமாறியது.

மனதில் ஓடுவதை அப்படியே அடித்துத் தள்ள வேர்ட்ஸ்டார். ஒப்பந்தம், மனு மாதிரி வடிவம் பிசகக்கூடாத வேலைக்கு வேர்ட்பெர்ஃபெக்ட். இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு வேர்ட்ஸ்டாருக்கு. முயன்று பார்ப்பவர்கள் முதலில் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் சுண்டுவிரல் வலிக்கும்.