மியாட்டாவின் மூச்சுக்குழாய்: ரப்பரா, சிலிகானா, அலுமினியமா?

முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முகம் காட்டியது. 1997 வரை தயாரானது. ஆக, இந்த வரிசையில் கடைசியாகப் பிறந்த வண்டிக்கும் வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இன்ஜின் இன்னும் கல்லுமாதிரி ஓடும். முதலில் கைவிடுவது ரப்பர் சாமான்கள்தான். அவற்றிலும் அதிகம் அலையவிடுவது, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினின் முன்புறமாகக் குறுக்கே ஓடி, மறுபக்கத்தில் இருக்கும் த்ராட்டில் பாடியில் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்குக் காற்றை உள்ளே விடும் கதவு) போய்ச் சேரும் காற்றுக்குழாய்.

அலையவிடும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டி நிற்கும்போது சீராக இருக்கும். கிளட்சை விட்டுக் கிளம்பினால் திணறும். ஸ்பார்க் பிளக், ஒயர், பெட்ரோல் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் திணறல் போகாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டின் மேல் கொஞ்சம் உருளும். ஃபில்டர் பெட்டியோ காரின் பாடியோடு இறுக்கப்பட்டது, அசையாது. இரண்டுக்கும் நடுவில் அந்த அசைவைத் தாங்க ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த ரப்பர் பகுதி இருக்கிறது. வெடிப்பு விழுவது அந்த மடிப்பின் குழியில். இன்ஜின் உருளும்போது வாய் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். சும்மா பார்த்தால் தெரியாது. கழற்றி, கையால் வளைத்து, மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும்.

சின்ன வெடிப்புக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 1.6 லிட்டர் இன்ஜினில் ஃபில்டரை ஒட்டியே காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. உள்ளே ஒரு தகடு. காற்றின் வேகத்துக்கு ஏற்ப அது திறக்கும், அந்தத் திறப்பைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும். அதைத் தாண்டிய பிறகு வெடிப்பு வழியாகப் புகும் காற்று கணக்கில் வராத காற்று. பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் இருமும். இன்னொரு வேடிக்கை, பெட்ரோல் பம்புக்கான சுவிட்சும் அந்தத் தகட்டோடுதான் இருக்கிறது. குழாய் மொத்தமாகக் கழன்றுகொண்டால் தகடு அசையாது, பம்ப் நிற்கும், வண்டி நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். 1994 மாடலில் வந்த 1.8 லிட்டர் இன்ஜினில் தகட்டுக்குப் பதில் சூடான கம்பி அளவியை வைத்தார்கள். ஆனாலும் கணக்கில் வராத காற்றால் வரும் தொல்லை அதிலும் அதேதான்.

இந்தக் குழாயிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டே இரண்டு: வளைய வேண்டும், கசியக் கூடாது. உள்பக்கம் வழவழப்பாக இருப்பதெல்லாம் அப்புறம். விற்பனைக்கு வரும் மாற்றுக் குழாய்கள் பலவும் அந்த வழவழப்பைத்தான் முன்னால் காட்டுகின்றன.

புது ஒரிஜினல் ரப்பர் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. மடிப்பு இருக்கும், இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து எண்ணெய் ஆவியைக் கொண்டுவரும் சின்னக் குழாய்க்கான மூக்கு சரியான இடத்தில் இருக்கும், குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையமான பழைய கிளாம்பே பொருந்தும். குறை என்றால், இன்னொரு பத்துப் பதினைந்து வருடத்தில் இதுவும் வெடிக்கும். வெடிக்கட்டுமே, முந்தையது எத்தனை வருடம் உழைத்தது!

பழைய வண்டியிலிருந்து கழற்றிய குழாயில் இன்ஜினுக்குக் குறுக்கே ஓடும் வளையாத, கடினமான பகுதியை மட்டும் தைரியமாக வாங்கலாம். ரப்பர் பகுதியை வாங்குவது வீண் செலவு. உங்கள் ரப்பர் பார்த்த அதே வெயிலையும் ரேடியேட்டர் சூட்டையும் அதுவும் பார்த்திருக்கிறது.

சிலிகானை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சூட்டில் ரப்பர் மாதிரி இறுகிப்போகாது, வருடக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். ஆனால் வாங்கும்முன் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மடிப்பு. நேராக வார்த்த, துணி அடுக்கு வைத்த தடித்த சிலிகான் குழாய் வளையாது. இன்ஜினின் அசைவு முழுவதும் கிளாம்ப் இருக்கும் இடத்துக்குப் போய், குழாய் மெல்ல மெல்ல நழுவும். இரண்டாவது, எண்ணெய். சாதாரண சிலிகானுக்கு எண்ணெய் ஆவி ஆகாது, ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். வால்வு கவரின் மூச்சு வந்து சேர்வது இதே குழாயில் என்பதால், உள்பக்கம் எண்ணெயைத் தாங்கும் ஃப்ளூரோசிலிகான் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, கிளாம்ப். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப்பை இறுக்கினால் மெத்தென்ற சிலிகான் அந்த வெட்டுகளுக்குள் பிதுங்கி அறுபடும். உள்பட்டை வழவழப்பாக உள்ள கிளாம்ப்தான் இதற்குச் சரி. இந்த மூன்றும் ஒத்துவந்தால் சிலிகானைத் தாராளமாகப் போடலாம், ரப்பருக்கு அது ஒன்றும் சளைத்ததல்ல.

அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் சேர்ந்த செட், பானெட்டைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். சத்தமும் நன்றாக இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1.6 இன்ஜினில் காற்றுக்குத் தடையாக நிற்பது அந்த அளவித் தகடு. அதை அப்படியே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் பெரிதாக்குவது, வாசலில் ஒற்றைக் கதவை வைத்துக்கொண்டு கூடத்தை அகலமாக்குவது மாதிரி. 116 குதிரைத்திறன் 116ஆகவேதான் இருக்கும். போதாக்குறைக்கு, திறந்த கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் தேங்கும் சூட்டுக்காற்றை இழுக்கும். உலோகம் வளையாததால் இரு முனையிலும் தனி இணைப்புகள் வேண்டும். இணைப்பு கூடினால் கசியும் இடமும் கூடும். கலிஃபோர்னியாவில் ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. மாநில ஒப்புதல் எண் இல்லாத செட் என்றால் புகைச் சோதனையில் கண்ணால் பார்த்த உடனேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உலோகக் குழாய்க்கும் ஓர் இடம் இருக்கிறது. அளவியையே தூக்கிவிட்டு, மேனிஃபோல்டின் (த்ராட்டிலுக்குப் பிறகு காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் பகுதி) அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் விடும் தனிக் கம்ப்யூட்டர் போட்டவர்களுக்குக் கணக்கே மாறிவிடும். அங்கே த்ராட்டிலுக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் பெட்ரோல் அளவு கெடாது, வடிகட்டாத தூசி உள்ளே போவதுதான் கவலை. அந்த வண்டியில் அகலமான அலுமினியக் குழாய் அர்த்தமுள்ள செலவு.

பசை நாடா சுற்றுவது பற்றி ஒரே வரி: வீடு போய்ச் சேர அது போதும்.

எந்தக் குழாயை வாங்கினாலும், மாட்டும் முன் இன்ஜின் மவுண்டுகளைப் பாருங்கள். ஒருவரைக் காரில் உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைத் துளி விடச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இன்ஜின் தாறுமாறாக எகிறினால் முதலில் மாற்ற வேண்டியது மவுண்ட். இல்லையென்றால் புதுக் குழாயின் மடிப்பும் சீக்கிரமே கிழியும்.