ஒத்துணர்வா, பரிவா?

துயரத்தில் இருப்பவரின் வலியைத் தாமும் உணர்வதா (ஒத்துணர்வு), அல்லது அவர் நலத்தை விரும்பி அக்கறையோடு துணைநிற்பதா (பரிவு) என்று தயங்குவோர், இரண்டும் மூளையில் வெவ்வேறு வலைப்பின்னல்களைச் சார்ந்தவை என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மூளைப் பகுதி: 2004இல் நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கர் குழுவினர் நடத்திய ஆய்வில், துணைவருக்கு வலி தரப்படுவதை அறிந்த பெண்களிடம், அவர்களுக்கே வலித்தபோது இயங்கிய, உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளான முன் இன்சுலாவும் சிங்குலேட் புறணியும் மீண்டும் இயங்கின. வலியின் இடத்தை உணர்த்தும் பகுதியோ அமைதியாகவே இருந்தது. அதாவது நாம் பகிர்வது வலியின் வேதனையையே அன்றி வலியை முழுமையாக அன்று. பரிவு, வெகுமதியோடும் பிணைப்போடும் தொடர்புடைய வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்னும் மூளைப் பகுதியை இயக்குகிறது.

செலவு: வேறோர் ஆய்வில், ஒத்துணர்வுப் பயிற்சி எதிர்மறை உணர்வைக் கூட்டியது.
அதன்பின் தரப்பட்ட பரிவுப் பயிற்சி அந்தக் கூடுதலைத் தணித்து, நேர்மறை உணர்வை வளர்த்தது.

எளிமை: ஒத்துணர்வு பெரும்பாலும் தானாக எழும்.
பரிவைப் பழக வேண்டும்.

நெருங்கியவரின் மனநிலையைப் புரிந்துகொள்ள ஒத்துணர்வே முதல் வாயில். செவிலியர், ஆலோசகர் போல நாள்தோறும் பிறர் துயரைக் காண்போருக்கு, என் கணிப்பில், பரிவே பொருந்தும்.