செடியாவா, ஆக்டேவியா ஆர்எஸ்ஸா? உப்புக்காத்து ஊர்ல ட்ராக்குக்கும் போற பழைய வண்டிக்க கணக்கு

முதல்லயே சொல்லிடுறேன், நான் செடியா ஆளு. அதனால தராசு ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்னு நெனச்சு படிக்காதீங்க. மிட்சுபிஷி லான்சர் செடியா, 2 லிட்டர் பெட்ரோல், 2007 மாடல், நாலு வருஷமா கன்னியாகுமரி ஜில்லா முட்டத்துல எங்க வீட்டு முத்தத்துல கெடக்கு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் எங்க அத்தானுக்க வண்டி, மார்த்தாண்டத்துல நிக்குது. அவரு சவுதில இருக்கற மாசமெல்லாம் அத ஸ்டார்ட் பண்ணி ஓட்டி, பேட்டரி செத்துப் போவாம பாத்துக்குற வேல எனக்கு. அதனால தெருவுல ரெண்டும் நல்லா பழக்கம். ரேஸ் ட்ராக்குல மட்டும் ஆர்எஸ்ஸ ஒரே ஒரு செஷன்தான் ஓட்டிருக்கேன், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கு அப்பா பேரக் கேட்டுட்டு "செடியா? என்ன செடிடே?"ன்னாரு. இன்னிக்கும் நான் பானட்ட தொறந்து கூலண்ட் பாக்கும்போதெல்லாம் "செடிக்கு தண்ணி ஊத்தியாச்சா"ன்னு திண்ணையில இருந்து சத்தம் வரும்.

எல்லாருக்கும் தெரிஞ்சத வேகமா சொல்லிடுறேன். ஆர்எஸ் 1.8 டர்போ, ஒரு சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, 150 குதிரை, 210 நியூட்டன் மீட்டர். செடியா டர்போ இல்லாத 2 லிட்டர், 115 குதிரை, 175 நியூட்டன் மீட்டர். நேர் ரோட்டுல செடியா பக்கத்துலயே போவ முடியாது, அதுல வாதமே இல்ல. காவல்கிணறு தாண்டி நாலு வழிச்சால தொறந்து கெடக்கும்போது அத்தானுக்க வண்டில மூணாவது கியர்ல மிதிச்சா வயித்துக்குள்ள ஒரு எளவு புடிச்சு இழுக்கும் பாருங்க, அது செடியால கெடைக்காது. ஆர்எஸ்ல எஞ்சின் கம்ப்யூட்டருக்க செட்டிங்க மாத்துற ரீமேப் மட்டும் பண்ணாலே வேற எதையும் தொடாம 30 குதிரைக்கு மேல கூடும். செடியால ஃபில்டர், எக்ஸாஸ்ட்னு அம்பதாயிரம் கொட்டுனாலும் கூடுறது சத்தம்தான், நானும் கொட்டிப் பாத்துட்டேன்.

வாங்குற நேரத்துல நானும் ஆர்எஸ்தான் தேடுனேன். மனச மாத்துன விஷயம் ஒண்ணே ஒண்ணு. நமக்கு ட்ரெய்லர் கிடையாது. இங்க இருந்து பக்கத்து ட்ராக்குன்னா கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே, ஒரு பக்கம் 400 கிலோமீட்டருக்கு மேல. சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குன்னா 700 கிட்ட. சனிக்கிழம காலைல சாப்பாடு கட்டிட்டு வண்டிய ஓட்டிட்டே போயி, ஞாயித்துக்கிழம ட்ராக்குல போட்டு அடிச்சு, அதே வண்டிய ஓட்டிட்டே திங்கக்கிழம ஆபீசுக்கு வந்து நிக்கணும். ஒரு போல்ட்டோ ஒரு ஹோஸோ போச்சுன்னா திண்டுக்கல் தாண்டி நடுராத்திரி நிக்கறது நாமதான். அதனால எத்தன செகண்டுல நூறு தொடும்ங்கறத விட, எது போனா நானே மாத்த முடியும், மாத்துறதுக்கு சாதனம் எங்க இருந்து வரும்ங்கறதுதான் எனக்கு பெருசா பட்டுச்சு.

இனி உப்பு. இத வெளியூர்க்காரங்களுக்கு சொன்னா சிரிப்பாங்க. எங்க வீட்டுல இருந்து கடலு ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, ஜூன்ல இருந்து ஒரு மழ, அக்டோபர்ல இருந்து இன்னொரு மழ, நடுவுல காத்து. ராத்திரி வண்டிய துடைச்சு விட்டா காலைல கண்ணாடில கை வச்சாலே பிசுபிசுன்னு இருக்கும். பாடி விஷயத்துல ஆக்டேவியாவுக்குத்தான் முழு மார்க்கு. கால்வனைஸ் பண்ண தகடு, அத்தானுக்க வண்டில இன்னிக்கு வரைக்கும் ஒரு பொத்தல் கெடையாது. எனக்கு வீல் ஆர்ச் உள்பக்கமும் பெட்ரோல் மூடி சுத்தியும் ரெண்டு தடவ டிங்கரிங், பட்டி எல்லாம் ஆச்சு. இதுல செடியா தோத்துடுச்சு, செரி.

ஆனா உப்பு தகட்டோட நிக்கறதில்ல. செடியாக்க பெரிய பெருமையே பின்னாடி இருக்கற மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு வீலையும் பல ஆர்ம் சேந்து தனித்தனியா புடிக்கறது. மிட்சுபிஷிக்க ராலி வண்டி லான்சர் எவோ இருக்கே, அதுல 7, 8, 9 எல்லாம் வந்ததே இந்த செடியா உடம்புல இருந்துதான். வளைவுல பின்பக்கம் ரோட்ட விடாது, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாற ரோட்டுல ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ரெண்டாவது கியர்ல போகும்போதே வித்தியாசம் தெரியும். ஆர்எஸ்ல பின்னாடி ரெண்டு வீலையும் சேத்துப் புடிக்க ஒரே பீம், ரெண்டு பெரிய ரப்பர் புஷ், கத முடிஞ்சு. ஆனா மல்டிலிங்க்னா ஒரு பக்கத்துக்கே எத்தன புஷ், எத்தன போல்ட்! அதுல அலைன்மென்ட் வைக்கற கேம் போல்ட்டு இருக்கே, அது புஷ்ஷுக்க நடுவுல இருக்கற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒண்ணாப் போயிடும்.

வண்டி வாங்குன மொத வருஷம் தக்கலைல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன், வெறும் அலைன்மென்ட்தானே, ஒரு மணிக்கூர் வேலன்னு நெனச்சு. நட்டு கழண்டு வந்துச்சு. போல்ட்டு அசையல. ரஸ்ட் ஸ்ப்ரே அடிச்சு சாயா குடிச்சுட்டு வந்தோம், அசையல. கேஸ் வச்சு சூடு பண்ணதுல புஷ் ரப்பர் உருகி நாத்தம்தான் வந்துச்சு. அண்ணன் வண்டிக்கு அடில இருந்து தலைய மட்டும் நீட்டி "மக்கா, இது வெளிய வராதுடே, ஆர்ம்மோட அறுத்துதான் எடுக்கணும், சம்மதமா?"ன்னாரு. "அறுத்துடுங்க அண்ணே, வேற என்ன செய்ய"ன்னேன். கிரைண்டர் போட்டு ரெண்டு பக்கமும் அறுத்து எடுத்தோம், தீப்பொறி தெறிச்சதுல என் சட்டைல மூணு ஓட்ட. கைல வந்த போல்ட்டப் பாத்தா நடுவுல பாதி தடிமன்தான் மிச்சம். இத வச்சுக்கிட்டா ட்ராக்குக்குப் போவ இருந்தேன்னு அப்பதான் ஒதறல் எடுத்துச்சு.

அங்கதான் சூட்கேஸ் கணக்கு வருது. இங்க ஆர்ம் கேட்டா இல்ல, புஷ் கேட்டா பத்து நாள் ஆகும், அதுவும் வந்தா பாக்கலாம்னு பதிலு. மிட்சுபிஷி கார் விக்கறத இந்தியால நிப்பாட்டி வருஷம் ஆச்சுல்ல. ஆனா நம்ம ஜில்லாவுல வளைகுடால ஆள் இல்லாத வீடு எது? இந்த லான்சர் அங்க தெருவுக்குத் தெரு ஓடுன வண்டி. ஷார்ஜால சித்தப்பா பையன் இருக்கான், அவனுக்கு போட்டோ அனுப்புனேன். அங்க பழைய பார்ட் விக்கற ஏரியால ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம் சுத்தி ரெண்டு ஆர்ம், புது கேம் போல்ட்டு, ஒரு எஞ்சின் மவுண்ட் எல்லாம் வாங்கிட்டான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல 30 கிலோ சூட்கேஸ்ல பாதி இரும்பு. ஸ்கேனர்ல இருந்தவரு தெறந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம சிரிச்சாராம். அம்மாவுக்குத்தான் கோவம், டாங் இல்ல, பாதாம் இல்ல, துணில சுத்தி கிரீஸ் ஒழுகிட்டு ஒரு சாதனம், பக்கத்து வீட்டுக்கு எதக் கொடுக்கன்னு.

இப்ப ஒவ்வொரு மழக்காலம் முடிஞ்சதும் வண்டிய ஸ்டாண்டுல ஏத்தி எல்லா போல்ட்டையும் ஒவ்வொண்ணா கழட்டி காப்பர் கிரீஸ் தடவி திரும்பப் போடுறேன், ஒரு நாள் முழுக்க ஆவும். அடில அண்டர் கோட்டிங் வருஷம் ஒருக்க. வாராவாரம் நல்ல தண்ணிய அடில பீய்ச்சி அடிக்கணும், மேல கழுவுனா போதாது. இந்த வேலைல ஒரு வருஷம் சோம்பேறித்தனம் காட்டுனீங்கன்னா திரும்ப கிரைண்டர்தான். இதுக்கு மனசு இல்லன்னா பீம் வண்டியே மேலுன்னு நானே சொல்லுவேன்.

அத்தானுக்க வண்டில பார்ட் கெடைக்காதுன்னு இல்ல. அதே 1.8 டர்போ எஞ்சின் ஆடி, பாசாட், கோல்ஃப்னு உலகம் பூரா போட்டது, நெட்ல தேடுனா எல்லாம் இருக்கு. வீல் கூட போலோக்க அஞ்சு நட்டு அலாய் அப்படியே ஏறும். தொல்ல என்னன்னா சின்னச் சின்ன சாதனம் வரிசையா போகும். இக்னிஷன் காயில் போயிடும், வேக்கம் ஹோஸ் சூட்டுல வெடிக்கும், டோர் கண்ணாடி க்ளிப் ஒடைஞ்சு கண்ணாடி உள்ள விழும். எது போச்சுன்னு கண்டுபிடிக்கவே லேப்டாப்பும் கேபிளும் வேணும், அது இல்லாம தக்கலை அண்ணன் அந்த வண்டிய தொடவே மாட்டாரு. டைமிங் பெல்ட் மாத்தும்போது வாட்டர் பம்பையும் சேத்து மாத்தியே ஆவணும். சிலதுல பம்புக்குள்ள பிளாஸ்டிக் எறக்கைதான் இருக்கும், அது ஒடைஞ்சா தண்ணி சுத்தாது. பெல்ட்ட விட்டு வச்சு அது அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டி மொத்த எஞ்சினும் போச்சு. பழச வாங்குறவங்க பெல்ட் எப்ப மாத்துனதுன்னு பில்லு இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கிடுங்க. இது செடியாவுக்கும் பொருந்தும், அதுவும் பெல்ட்தான்.

ட்ராக்குல சூடு இன்னொரு கத. ஆர்எஸ்ல டர்போ அனுப்புற சூடான காத்த ஆத்துற இன்டர்கூலர் முன் பம்பருக்க மூலைல சின்னதா இருக்கு. மொத ரெண்டு ரவுண்டு பறந்துச்சு, நாலாவதுல எவனோ பின்னாடி கயிறு கட்டி இழுக்கற மாதிரி ஆச்சு. முன்னாடி பெரிய இன்டர்கூலர் வச்சா தீரும்னு சொல்லுறாங்க, அத்தான் வைக்க விடல, அதனால அத வச்சு ஓட்டிப் பாத்தது இல்ல. செடியா மொத ரவுண்டுல எப்படியோ பத்தாவது ரவுண்டுலயும் அப்படியே. காரி ட்ராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர், நேரா மிதிக்க எடம் கம்மி, அதனால அங்க 35 குதிரை வித்தியாசம் நெனச்ச அளவுக்குத் தெரியல. 3.7 கிலோமீட்டர் இருங்காட்டுக்கோட்டைல கண்டிப்பா தெரியும்.

எந்த வண்டியா இருந்தாலும் மொத காச பிரேக்குல போடுங்க. நான் போடாம அவமானப்பட்டேன். மொத தடவ காரிக்குப் போனப்ப டயர் புதுசு, பேட் புதுசு, பிரேக் ஆயில் மட்டும் பழசு, மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு பிறவுதான் ஓர்ம வந்துச்சு. அஞ்சாவது ரவுண்டுல பெடல் பஞ்சு மாதிரி அமுங்குச்சு, அடுத்த வளைவுல தரைய தொட்டுடுச்சு, ரெண்டு தடவ பம்ப் பண்ணி கியர எறக்கி மண்ணுக்குள்ள போயி நின்னேன். பின்னாடி வந்த பையன் கைய ஆட்டிட்டு போறான். டாட் 4 தரத்து பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொறஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி ஏறிடுச்சுன்னா 155-லயே கொதிச்சு ஆவி ஆயிடும், ஆவிய மிதிச்சா பிரேக் எங்க புடிக்கும்? நம்ம ஊரு ஈரத்துல தண்ணி ஏற கேக்கவே வேண்டாம். இப்ப ட்ராக்குக்குப் போறதுக்கு முந்தின வாரம் டாட் 5.1 ஊத்தி நாலு வீல்லயும் ஏர் எடுத்துடுவேன். ஏர் எடுக்கற நிப்பிளும் துருப்பிடிக்கும், அதுக்கு ரப்பர் மூடி போட்டு வைங்க, ஒடஞ்சா காலிப்பரையே மாத்தணும்.

ஸ்பிரிங்க எறக்குற ஆசைய ரெண்டு வண்டிலயும் விட்டுடுங்க, இல்லன்னா பாதி இன்ச்சோட நிப்பாட்டுங்க. உள்ளூர் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் ஒரு மேடு. நல்ல ஷாக், புது புஷ், நல்ல ஸ்ட்ரீட் டயர், இது போதும். ட்ராக் டயர் போட்டுட்டு 400 கிலோமீட்டர் மழைல வரவா?

வண்டிய ரொம்ப மாத்துறவங்க ஒண்ணு கவனிக்கணும், ஆர்சில இருக்கறத மாத்தி வச்சா மோட்டார் வாகனச் சட்டம் செக்ஷன் 52 இருக்கு, களியக்காவிளை தாண்டுனா கேரளா மோட்டார் வாகனத் துறை எக்ஸாஸ்ட் சத்தத்துக்கே நிப்பாட்டும். 15 வருஷம் ஆன காருக்கு ஆர்சி புதுப்பிக்க 5,000, 20 தாண்டுனா 10,000. எனக்கு 2027-ல அந்த பத்தாயிரம் வருது.

விக்கறதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஆர்எஸ் பேருக்கு ஆசைப்பட்டு வாங்க ஆளு வருவாங்க, அத்தானுக்கு போன் வந்துட்டே இருக்கு. செடியாவ ராலில ஓட்டுனவங்களும் ராலி பாத்து வளந்தவங்களும்தான் தேடுவாங்க, மத்தவங்க பார்ட் கெடைக்குமான்னு கேட்டுட்டு போயிடுவாங்க. நான் விக்கப் போறதில்ல.

கிறிஸ்மஸ் லீவுக்கு சித்தப்பா பையன் வாறான். லிஸ்ட் அனுப்பியாச்சு: பின் ஷாக் ரெண்டு, டிரெய்லிங் ஆர்ம் புஷ் ஒரு செட், ரேடியேட்டர் மூடி ஒண்ணு. அம்மா தனியா போன் பண்ணி டாங் ரெண்டு டப்பா சொல்லிருக்கா, ரெண்டும் ஒரே பெட்டில அடங்குமான்னு பாக்கணும்.