மணி எத்தனை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்

கல்லூரி ஃபுட்பால் டிக்கெட் விலை இறங்கியிருக்கிறது, இந்த சீசனில் உங்களோடு நானும் வரட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அணி அடுத்தடுத்துத் தோற்றால் மறுவிற்பனையில் விலை இறங்கத்தான் செய்யும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றேன். இதில் டிக்கெட் சின்னச் செலவு. சிகாகோ பக்கத்திலிருந்து நாங்கள் நாலு பேர் சில வருஷங்களாக இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் கல்லூரி ஃபுட்பால், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால், பார்க்க ஊர் ஊராகப் போய்வருகிறோம். பெரும்பாலும் பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஸ்டேடியங்கள்தான். கூட்டம், பேண்டு வாத்தியம், அலுமினிய பெஞ்சின் குளிர் எல்லாம் தெரிந்த கதை. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ஆட்டம் எத்தனை மணிக்கு என்று யாரும் நேரத்தோடு சொல்ல மாட்டார்கள்.

மிகைப்படுத்தவில்லை. தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரியும். முதல் மூன்று வாரங்களுக்கும் சில விசேஷ ஆட்டங்களுக்கும் மே மாதக் கடைசி வாக்கில் நேரத்தையும் அறிவித்துவிடுவார்கள். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 12 நாளுக்கு முன்னால்தான் தெரியவரும். சில வாரங்களில் அதையும் தள்ளிப்போட்டு, முந்தைய சனிக்கிழமை ஆட்டங்கள் முடிந்தபின், 6 நாள் இருக்கையில் சொல்வார்கள். யார் ஜெயித்தார்கள், எந்த ஆட்டத்துக்கு மவுசு என்று பார்த்து டிவிக்காரர்கள் பொறுக்கி எடுப்பதற்காக இந்த ஏற்பாடு. கிழக்கு நேரப்படி பகல் 12, பிற்பகல் 3:30, இரவு 7:30 என்று எது வேண்டுமானாலும் நம் தலையில் விழலாம்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் போக எங்களுக்கு நாலு மணி நேரமாவது ஆகும். கிழக்கு நேரத்துக்குள் நுழைவதால் இன்னும் ஒரு மணி நேரம் பறிபோகும். பகல் 12 மணி ஆட்டம், அதற்கு முன்னால் டெயில்கேட்டும் (ஸ்டேடியத்துக்கு வெளியே வண்டிகளை நிறுத்திச் சாப்பிட்டுக் கொண்டாடுவது) வேண்டும் என்றால் வெள்ளி இரவே போய்ப் படுத்தாக வேண்டும். இரவு ஆட்டம் என்றால் முடியவே 11 ஆகிவிடும், சனி இரவுக்கு அறை தேவை. நேரம் தெரிகிற வரை காத்திருந்தால் அறை கிடைக்காது. எனவே இரண்டு இரவுக்கும் போட்டு வைக்கிறோம். ஒரு விடுதியில், வேண்டாத இரவை ரத்து செய்தபோது பணம் திரும்பி வரவே இல்லை. போதாததற்கு எங்களில் ஒருவருக்குச் சனிக்கிழமை ஆன்-கால் (கூப்பிட்டால் வேலைக்குப் போக வேண்டும்), இன்னொருவர் ஞாயிறு காலை மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட வேண்டும். நேரம் அறிவிக்கிற திங்கட்கிழமைகளில் எங்கள் வாட்ஸாப் குழுவைக் குழந்தைகள் கண்ணில் காட்ட முடியாது.

நியாயமும் பேச வேண்டும். 2022-இல் பிக் டென் போட்ட டிவி ஒப்பந்தம் 7 வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அவ்வளவு கொட்டிக் கொடுத்தவர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில்தான் ஆட்டத்தை வைப்பார்கள். நீச்சல், மல்யுத்தம் என்று தனக்கென வருமானம் இல்லாத எத்தனையோ கல்லூரி விளையாட்டுகள் ஃபுட்பால் காசில்தான் ஓடுகின்றன. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டிவியில் காட்ட ஒரு கூட்டம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறதாம்?

இத்தனைக்கும், போய்ச் சேர்ந்துவிட்டால் குறை சொல்ல வாய் வராது. மிஷிகன் ஸ்டேடியம் 1927-இல் திறந்தது. பெரும்பகுதி தரைக்குக் கீழே இருப்பதால் வெளியே நின்று பார்த்தால், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். வாசலைத் தாண்டியதும் 1,07,601 பேருக்கான இடம் காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். மேடிசனில் விஸ்கான்சின் அணியின் ஸ்டேடியமான கேம்ப் ராண்டல், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம். ஆட்டத்தின் நாலு கால் பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும் மாணவர் பக்கம் முழுக்கக் குதிக்கும், பெஞ்சு அதிர்வது நமக்கே தெரியும். டெயில்கேட்டில், எதிரணிச் சட்டை போட்டிருந்தும், முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். பதிலுக்கு நாங்கள் நீட்டிய எலுமிச்சை சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே அயோவா. கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டி 12 மாடிக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முதல் கால் பகுதி முடிந்ததும் ஏறக்குறைய 70,000 பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஜன்னலோரம் நிற்கும் குழந்தைகளுக்குக் கையசைப்பார்கள். 2017-இல் தொடங்கிய வழக்கம். ஆட்டக்காரர்களும் அசைப்பார்கள், வந்த அணியும் அசைக்கும். எங்கள் கூட்டத்தில் எதற்கும் அசராத ஒருவன் அன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தான். அதுவும் ஒரு பகல் 12 மணி ஆட்டம்தான். அயோவா சிட்டி நம்முடைய மத்திய நேரத்தில் இருப்பதால் அங்கே அது காலை 11. இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போனோம்.

மதிப்பெண் கேட்டால், ஸ்டேடியத்துக்குள் இருக்கிற நேரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதற்கு முந்தைய 12 நாட்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனமில்லை. செப்டம்பர் தொடக்கத்து ஆட்டங்களுக்கு நேரம் முன்பே தெரியும், குளிரும் இருக்காது, அதற்கு யாரும் தைரியமாக டிக்கெட் வாங்கலாம். 3:30 என்றால் நானும் வண்டியில் ஏறுவேன். காலை 11 மணி ஆட்டத்துக்கு இனி என்னைக் கூப்பிட வேண்டாம், அயோவாவாக இருந்தாலும் சரி.