பழைய ஹெட்ஃபோன் வாங்கி ரெடி பண்றதா இருந்தா சோனி 7506ஆ, டிடி 770ஆ, எச்டி 600ஆ?

செகண்ட் ஹேண்ட்ல ஹெட்ஃபோன் வாங்கி நாமளே பிரிச்சு புதுசாக்கலாம்னு ஆசைப்படறவங்க முதல்ல ப்ளூடூத் மாடல் பக்கமே போகாதீங்க. பேட்டரி வயசாகி இருக்கும், போர்டு போச்சுன்னா ஸ்பேர் தேடி அலையணும். வயர் வச்சதுதான் நம்ம ஆளு. அதுலயும் நான் சொல்றது மூணே மூணு. 1985ல வந்த பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 1991ல வந்த சோனி எம்டிஆர்-7506, 1997ல வந்த சென்ஹைசர் எச்டி 600. மூணும் ஸ்டூடியோல வருஷக்கணக்கா அடிபட்டு நின்ன மாடலுங்க, மூணுக்கும் பேட்ல இருந்து பார்ட்ஸ் வரைக்கும் இன்னும் கிடைக்குது.

எது சவுண்ட் சூப்பர்னு சண்டை போடறது தனி கதை. ரெடி பண்ற ஆளுக்கு ஒரே கேள்விதான், இதுல எது முதல்ல கெட்டுப்போகும், அது நம்ம கையில சரியாகுமா?

சோனில முதல்ல போறது இயர்பேட். அந்த ரெக்சின் நம்ம ஊரு ஈரப்பதத்துக்கும் வேர்வைக்கும் சீக்கிரமே உரிஞ்சு கருப்பு கருப்பா காதுல ஒட்ட ஆரம்பிச்சுடும், பாக்கவே கண்றாவியா இருக்கும், விக்கறவரும் அதனாலயே விலையை இறக்கிடுவாரு. ஆனா பேட் மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை. அடுத்தது "ஒரு பக்கம் கேக்கல"ன்னு போடற விளம்பரம், அதைத்தான் நான் தேடிப் பிடிப்பேன். கப் திரும்பற இடத்துல ஒரு துண்டு வயர் வெளியவே தெரியும் பாருங்க, மடக்கி மடக்கி அது அறுந்திருக்கும், இல்லன்னா ஜாக் கிட்ட கேபிள் உள்ளுக்குள்ள விட்டிருக்கும். டிரைவரே, அதாவது கப்புக்குள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கரே, செத்திருக்கறது அபூர்வம். பேட்டை எடுத்து அடியில இருக்கற சின்ன ஸ்க்ரூவைக் கழட்டி மல்டிமீட்டர்ல ரெண்டு டிரைவரையும் நேரடியா தொட்டுப் பாருங்க, ஸ்பெக்ல மின்தடை 63 ஓம்னு இருக்கும், மீட்டர்ல கொஞ்சம் கம்மியா காட்டும், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா டிரைவர் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

சால்டர் வைக்கறப்ப ஒண்ணு கவனிங்க, இந்த மாதிரி கேபிள் உள்ள தலைமுடி மாதிரி இழையா இருக்கும், மேல வார்னிஷ் பூச்சு வேற, நடுவுல நூலும் ஓடும். சும்மா ஈயத்தை வச்சா ஒட்டவே ஒட்டாது. அயர்ன் நுனியில ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி அதுக்குள்ள இழையை முக்கி வச்சா பூச்சு கருகி பளபளன்னு ஈயம் பிடிக்கும். அதுக்கப்புறம்தான் ஜாயின்ட்.

சோனியோட சுருள் கேபிள் இழுத்தா 3 மீட்டர், கழட்டவும் முடியாது, கழுத்துல கல்லைக் கட்டின மாதிரி தொங்கும். அதனால இடது கப்புல 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் போடறதுதான் இதுக்கு நிறைய பேர் பண்ற மாடிஃபிகேஷன். சாக்கெட்டெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசு. ட்ரில் பண்றதுக்கு முன்னாடி டிரைவரைக் கழட்டி தூரமா வச்சுடுங்க, அதுல இருக்கறது நியோடிமியம் காந்தம், ஒரு துளி இரும்புத்தூள் போனாலும் இழுத்துக்கும், அப்புறம் கரகரன்னே பாட்டு கேக்கணும். ஓட்டையைச் சுத்தி நல்லா அடைக்கணும். மூடின கப்புல காத்து கசிஞ்சா பேஸ் காலி, அப்புறம் டிரைவர் சரியில்லன்னு புலம்பக்கூடாது.

டிடி 770ஓட பலமே உடம்புதான். தலையில இருக்கறது ஸ்பிரிங் ஸ்டீல், காதுல பெரும்பாலும் வெல்வெட் மாதிரி துணி பேட், உரியற பேச்சே இல்ல, கழட்டி மிதமான சோப்புத் தண்ணில அலசி காயவச்சு மாட்டலாம். கண்ணாடி போடறவங்களுக்கு இதுதான் சுகம். ஆனா அந்தத் துணி வேர்வையைக் குடிக்கும், பழைய பீஸ்ல நாத்தம் இருந்தா பேட்டை மாத்திடுங்க, மாத்தறப்ப லெதர் பேட் போட்டா சவுண்டும் மாறும்ங்கறதை மனசுல வச்சுக்குங்க. ஒரு பக்கம் மட்டும் பேஸ் வர்றப்ப உர்ர்னு சத்தம் வந்தா பயப்படாதீங்க, முக்கால்வாசி கேஸ் டிரைவர் மேல விழுந்த முடிதான், ட்வீசர்ல பொறுமையா எடுத்தா போச்சு. இதுலயும் கேபிள் கழட்ட வராது, இதுக்கு ஆளுங்க மினி எக்ஸ்எல்ஆர்னு ஸ்டூடியோ சாமான்ல வர்ற குட்டி சாக்கெட் போடறாங்க, கப்புல இடம் தாராளமா இருக்கறதால சோனியை விட வேலை சுலபம். வாங்கறப்ப ஓம் எவ்வளவுன்னு கட்டாயம் கேளுங்க. 32, 80, 250னு மூணு இருக்கு. ஃபோன்ல கேக்கறவர் 250 வாங்கினா சத்தம் பத்தாது.

எச்டி 600, ரிப்பேர்காரன் கனவு. பேட், கிரில், ஹெட்பேண்ட், டிரைவர் எல்லாமே க்ளிப்ல கழண்டு வரும், ஸ்க்ரூ டிரைவரே எடுக்க வேணாம். கேபிளும் கழண்டுடும், அந்த ரெண்டு பின்ல ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லி, தப்பா சொருகவே முடியாது. என்ன அழகான யோசனை! பழைய பீஸ்ல பேடுக்கு உள்ள இருக்கற மெல்லிசு ஸ்பாஞ்ச் பொடிப்பொடியா உதிரும், பேட் அமுங்கி காது டிரைவரை ஒட்டி நிக்கும், ரெண்டையும் ஒரிஜினலாவே மாத்திடுங்க, கண்ட பேடையும் போட்டா அந்த ஹெட்ஃபோன் வேற ஏதோ ஆயிடும். 2022ல சென்ஹைசரோட ஹெட்ஃபோன் பிரிவு சோனோவாங்கற சுவிஸ் கம்பெனி கைக்குப் போனாலும் ஸ்பேர் வந்துட்டுதான் இருக்கு. ஹெட்பேண்ட் விரிசல் மட்டும் பாத்து வாங்குங்க.

பிரச்சனை என்னன்னா இது திறந்த கப். ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவுல ஹாரன் எல்லாம் உங்க பாட்டோட சேந்து பாடும், நீங்க கேக்கற பாட்டு பக்கத்துல தூங்கறவருக்கும் கேக்கும். 300 ஓம் வேற, ஃபோன்ல சொருகற குட்டி டாங்கிள்ல ஓடும், ஆனா கம்மி சத்தத்துல ரெக்கார்ட் பண்ண பாட்டுக்கு வால்யூமை முழுசா வச்சும் திருப்தி வராது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) செலவையும் சேத்து கணக்குப் போடுங்க.

ஆக என் ஓட்டு சோனிக்குத்தான். மூணுல மோசமா தயாரிச்சது அதுதான், ஒத்துக்கறேன். ஆனா செத்துப் போச்சுன்னு வந்த விலைக்குக் கிடைக்கறதும் அதுதான், நாம கை வச்ச வித்தியாசம் நல்லா தெரியறதும் அதுலதான். சால்டரிங் அயர்னே பிடிச்சதில்லன்னா டிடி 770 80 ஓம் வாங்கி பேட் மட்டும் மாத்துங்க. அமைதியான ரூமும் ஆம்பும் கைவசம் இருக்கறவங்க எச்டி 600க்கே போகலாம்.

பெயின்ட் அடிக்கணும்னு இருந்தா தின்னர், அசிட்டோன் வச்சு மட்டும் துடைக்காதீங்க, பிளாஸ்டிக் இளகிடும். நைஸ் உப்புத்தாள் போட்டு தேச்சு பிளாஸ்டிக் பிரைமர் அடிச்சுட்டு கலர் அடிங்க, அதுவும் கப்பு காலியா இருக்கறப்ப.